புதிய கடல் மீன் ஒளிந்துகொள்வது ஏன்? சந்தேகங்களும் விளக்கங்களும்

வீட்டில் உப்புநீர்த் தொட்டி அமைத்துக் கடல் மீன் வளர்க்கத் தொடங்குவோருக்கு முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம் வந்துவிடுகிறது. விலை கொடுத்து வாங்கிய மீன், தொட்டியில் விட்டதும் பாறை இடுக்கில் புகுந்து கண்ணில் படாமல் போகிறது. அந்தப் பதற்றத்தில் செய்யப்படும் காரியங்களே பல நேரங்களில் மீனின் உயிருக்கு ஆபத்தாகின்றன. பரவலாகக் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான விளக்கங்களும்:

புதிதாக விட்ட மீன் வெளியே வருவதே இல்லை. அதற்கு ஏதேனும் நோயா?

பெரும்பாலும் இல்லை. பவளப்பாறைகளில் வாழும் சிறு மீன்களுக்கு இடுக்குகளே பாதுகாப்பு; அறிமுகமில்லாத இடத்தில் முதலில் மறைவிடம் தேடுவது அவற்றின் இயல்பு. கடலில் பிடிபட்டு, பையில் அடைபட்டு, பல தொட்டிகள் மாறி வந்த மீனிடம் இந்த அச்சம் கூடுதலாகவே இருக்கும்.

எத்தனை நாள் வரை காத்திருக்கலாம்?

இனத்துக்கு இனம் இது மாறும். கோமாளி மீன்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் வெளியே வந்துவிடும். ஃபயர்ஃபிஷ், ராயல் கிராமா போன்றவை ஒரு வாரமோ அதற்கு மேலுமோ தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய கண்களுடைய ஸ்குவிரல் மீன்கள் இரவில் இரை தேடுபவை என்பதால், பகலில் அவை ஒதுங்கியிருப்பது பழகிய பின்னும் தொடரும்.

மீன் அடியோடு காணவில்லை. செத்துப்போயிருக்குமா?

ராஸ் இனத்தில் ஹாலிகோரஸ் வகை மீன்கள் மணலுக்குள் புதைந்து உறங்குபவை. புது இடத்தில் சில நாட்கள் மணலை விட்டு வெளிவராமலே இருப்பதும் உண்டு. இவற்றுக்குக் குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு மென்மணல் தேவை. ஃபயர்ஃபிஷ் மிரண்டால் தொட்டிக்கு வெளியே துள்ளிவிடும் என்பதால் தரை, தொட்டியின் பின்புறம், நீர் வழிந்து செல்லும் அறை ஆகியவற்றையும் தேட வேண்டும். மேலே வலை மூடி இடுவது அவசியம். சிறு மீன் இறந்திருந்தால் நண்டும் இறாலும் புழுக்களும் ஓரிரவிலேயே தின்று தீர்த்துவிடக்கூடும். எனவே உடல் கிடைக்கவில்லை என்பது உயிரோடு இருப்பதற்குச் சான்றாகாது.

பாறைகளைத் தூக்கித் தேடிப் பார்க்கலாமா?

கூடாது. அடுக்கிய பாறை சரிந்தால் மீன் நசுங்கும். மணலைக் கிளறினால் அடியில் தேங்கிய கழிவு, தொட்டி நீரில் கலக்கும். மறைவிடத்தை இழந்த மீன் முன்னைவிட மிரளும். விளக்கை அணைத்த பிறகு மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் பார்ப்பதே ஏற்ற வழி. பரிசோதனையில் அம்மோனியா பூஜ்யத்துக்கு மேல் ஏறி, உள்ளே உடல் அழுகுவதற்கான அறிகுறி தெளிவாக இருந்தால் மட்டும் பாறையை அகற்றலாம்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை என்ன?

மீன் வந்த பையைத் திறக்காமல் 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகும். தொட்டி நீர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், சுமார் 1.025 ஒப்படர்த்தியிலும் (லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு) இருப்பது பொதுவான அளவு. பையின் நீரில் உப்பு குறைவாக இருந்தால், தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் சமப்படுத்துவது வழக்கம். ஆனால் நீண்ட நேரம் பயணம் செய்த மீனுக்கு இது பொருந்தாது: பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி நீரின் காரத்தன்மை உயர்கிறது, அதுவரை அதிகத் தீங்கின்றிக் கிடந்த கழிவு நச்சு அம்மோனியாவாக மாறுகிறது, எனவே அந்த நீரில் மீனை வைத்திருக்கக் கூடாது. எந்த முறையானாலும் பை நீரைத் தொட்டியில் ஊற்றாமல், மீனை மட்டும் விட்டு, அன்று முழுவதும் விளக்கை அணைத்து வைக்க வேண்டும்.

உணவைத் தொடவே இல்லை. என்ன செய்வது?

உடல்நலமுள்ள, வளர்ந்த மீன் சில நாட்கள் உணவின்றித் தாங்கும். உறைந்த மைசிஸ் இறால் அல்லது ஆர்ட்டீமியாவைச் சிறிதளவு, மறைவிடத்துக்கு அருகே நீரோட்டத்தில் விட்டு, மிச்சத்தை உடனே அகற்ற வேண்டும். மாண்டரின் மீனுக்கு இந்த முறை பொதுவாகப் பொருந்தாது: பாறைகளில் ஊரும் நுண்ணிய ஓட்டுயிரிகளையே தேடி உண்ணும் இது பெரும்பாலும் உலர் தீவனத்தை ஏற்பதில்லை, எனவே அந்த உயிரிகள் போதிய அளவு பெருகாத புதிய தொட்டிக்கு இதை வாங்குவது சரியல்ல.

பழைய மீன்கள் விரட்டுகின்றனவே?

தொட்டியில் முன்பே இடம் பிடித்த டாம்சல் போன்ற மீன்கள் புதியவற்றை விரட்டுவது வழக்கம். துளையிட்ட ஒளிபுகும் பெட்டியில் புது மீனைச் சில நாட்கள் அதே தொட்டிக்குள் வைத்திருந்தால் இரு தரப்பும் பழகிவிடும். மூர்க்கமான இனங்களைக் கடைசியாகச் சேர்ப்பதே முறை.

ஒளிந்திருப்பது நோயால்தான் என்று எப்படி அறிவது?

செவுள் வேகமாக அடித்துக்கொள்வது, பாறையில் உடலைத் தேய்ப்பது, உப்புத்துகள் போன்ற வெண்புள்ளிகள் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். வெண்புள்ளி நோயைக் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி உண்டாக்குகிறது. இதற்கான தாமிர மருந்து இறால், பவளம் போன்றவற்றைக் கொல்லும் என்பதால் தனித் தொட்டியில்தான் சிகிச்சை அளிக்க வேண்டும். அந்த ஒட்டுண்ணி அழியும்படி முதன்மைத் தொட்டியை 76 நாட்கள் மீனே இல்லாமல் வைத்திருப்பது பரவலான நடைமுறை. புது மீனைத் தொடக்கத்திலேயே நான்கு வாரம் தனியே வைத்துக் கவனித்தால் இந்த அவதி பெரும்பாலும் நேராது.

அச்சம் குறைந்த மீன் கிடைக்குமா?

தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள் மனித நடமாட்டத்துக்கும் தீவனத்துக்கும் பழகியவை என்பதால் விரைவில் வெளியே வரும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்துள்ளன. வாங்கும்போது மீன் கடலில் பிடிக்கப்பட்டதா, தொட்டியில் பிறந்ததா என்று கேட்டறிவதும், கண் முன்னே அது தீவனம் உண்பதைப் பார்ப்பதும் நல்லது.

மீன் ஒளிய ராமேஸ்வரம் பக்கம் கிடக்கும் பவளக் கற்களை எடுத்து வரலாமா?

கூடாது. பாறை அமைக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன, கடற்குதிரைகளும் அவ்வாறே. ராமநாதபுரம், தூத்துக்குடி கரைகளை ஒட்டிய 21 தீவுகளும் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக 1986-இல் அறிவிக்கப்பட்டவை. மறைவிடத்துக்குச் செயற்கைப் பாறை, பீங்கான் குகை அல்லது மீனின் உடல் எளிதில் நுழையக்கூடிய பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். ஒரு மீனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடுக்குகள் இருக்குமாறு அமைக்க வேண்டும்.