குழந்தை வன்கொடுமையையும் புறக்கணிப்பையும் கண்டறிதல்

குழந்தை வன்கொடுமை என்பது 18 வயது நிறையாத ஒருவருக்குப் பெற்றோர், பராமரிப்பவர் அல்லது பிறர் இழைக்கும் உடல், மன, பாலியல் துன்பத்தைக் குறிக்கும். உணவு, மருத்துவம், கல்வி, கண்காணிப்பு போன்ற அடிப்படைத் தேவைகளைத் தரவேண்டியவர் தராமல் விடுவது புறக்கணிப்பு ஆகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய குழுவினரும் 1962-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே மருத்துவ உலகம் இதில் பரவலாகக் கவனம் செலுத்தியது. பெற்றோர் சொல்லாத பழைய எலும்பு முறிவுகளை எக்ஸ்ரே படங்கள் காட்டிக்கொடுத்ததை அக்கட்டுரை விளக்கியது.

அறிகுறிகள்

ஓடியாடும் குழந்தைக்கு முழங்கால், முன்கால், நெற்றி ஆகிய இடங்களில் அடிபடுவது இயல்பு. காது, கழுத்து, வயிறு, முதுகு ஆகியவற்றில் காணப்படும் கன்றிய காயங்களும், பெல்ட், கயிறு போன்ற பொருளின் வடிவம் பதிந்த தழும்புகளும், சிகரெட் சூடு போன்ற வட்டப் புண்களும் ஐயத்திற்குரியவை. இன்னும் தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தையின் உடலில் கன்றிய காயம் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். காயத்திற்குக் கூறப்படும் காரணம் ஆளுக்கு ஆள் மாறுவதும், சிகிச்சைக்குத் தாமதமாக அழைத்து வருவதும் கவனிக்கத்தக்கவை.

பாலியல் வன்கொடுமையில் உடலில் எந்த அடையாளமும் இல்லாமல் இருக்கலாம். குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு அஞ்சுதல், திடீரெனப் படிப்பில் பின்தங்குதல், மீண்டும் படுக்கையை நனைத்தல், வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு போன்ற மாற்றங்கள் தென்படலாம். இவற்றில் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. எனினும் பல சேர்ந்து காணப்பட்டால் அலட்சியம் செய்யக்கூடாது. இக்குற்றத்தைச் செய்பவர் பெரும்பாலும் குழந்தைக்கு அறிமுகமானவரே.

வறுமையும் புறக்கணிப்பும் ஒன்றல்ல. கிழிந்த சீருடை வறுமையின் அடையாளமாக மட்டும் இருக்கலாம். அக்குடும்பத்திற்குத் தேவை உதவியே. வசதி இருந்தும் நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை அளிக்காமல் விடுவது புறக்கணிப்பு.

குழந்தை கூறும்போது

குழந்தை பேசத் தொடங்கினால் பதற்றமின்றிக் கேட்க வேண்டும். "நீ சொன்னது நல்லது, இது உன் தவறு அல்ல" என்று உறுதி கூறுவது முதல் உதவி. "அவர்தானே செய்தார்?" என்பது போல விடையை உள்ளடக்கிய கேள்விகளையும், திரும்பத் திரும்ப விசாரிப்பதையும் தவிர்க்க வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்களிக்கக் கூடாது. ஏனெனில் பாதுகாப்பு அளிக்கக்கூடியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். குழந்தையின் சொற்களை அப்படியே, தேதியுடன் எழுதி வைப்பது நல்லது. குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் எதிர்கொள்வது குழந்தைக்கு ஆபத்தை அதிகரிக்கலாம்.

இந்தியாவில் சட்டமும் உதவியும்

குழந்தைகளுக்கான உதவி எண் 1098, 24 மணி நேரமும் இலவசமாகச் செயல்படுகிறது. குழந்தையே இதில் அழைத்துப் பேசலாம்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 (போக்சோ) பிரிவு 19-இன்படி, இத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் பிரிவு 21-இன்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். குழந்தைகளுக்கு இத்தண்டனை பொருந்தாது. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ சீருடை அணியாத காவல் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். பெயர், பள்ளி போன்ற அடையாளங்களை ஊடகங்கள் வெளியிடக்கூடாது.

தன் பொறுப்பில் உள்ள குழந்தையைத் தாக்குவதையும் வேண்டுமென்றே புறக்கணிப்பதையும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 75 குற்றமாக்குகிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை எங்கே, யாரிடம் ஒப்படைப்பது என்பதை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு தீர்மானிக்கும்.

தகவல் தருபவர் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. விசாரிப்பது காவல்துறையின் பணி. தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் பணி. உறுதியான ஆதாரம் கிடைக்கட்டும் என்று அண்டை வீட்டாரோ ஆசிரியரோ காத்திருக்கும் நாட்களில் குழந்தை அதே ஆபத்தில்தான் இருக்கிறது.