மெரினாவில் நின்ற தம்பி எங்கே?

2017 ஜனவரியில் மெரினாவில் கூடினார்களே, அந்தப் பையன்களை ஞாபகம் இருக்கிறதா? தலைவர் கிடையாது, லாரியில் ஏற்றி வந்த கட்சிக் கூட்டம் கிடையாது. பகலெல்லாம் கோஷம், ராத்திரியில் செல்போன் வெளிச்சம். டிராஃபிக்கை அவர்களே ஒழுங்குபடுத்தினார்கள், குப்பையையும் அவர்களே பொறுக்கினார்கள். 17-ம் தேதி ஆரம்பித்தது. 21-ல் ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம் வந்து, 23-ல் போலீஸ் புகுந்து கலைக்கிறவரை ஊரே மூக்கின்மேல் விரல் வைத்தது. சட்டம் செல்லும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஜெயித்தார்கள், சந்தேகமில்லை.

அப்புறம்?

அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்தியவர், இன்று மின்சார ரயிலில் ஒரு கையில் கம்பி, மறு கையில் செல்போனுமாக ஆபீஸ் போகிறார். ‘‘நாட்டைத் திருத்த முடியாது சார். நாம உண்டு, நம்ம வேலை உண்டு!’’

கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் என்று பெருசுகள் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். 1965-ல் இந்தி எதிர்ப்பில் தெருவுக்கு வந்த மாணவர்களுக்கும்தான் கல்யாணம் ஆச்சு. ஆனால், மறுநாள் போய் உட்கார அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. கட்சிக் கிளை, படிப்பகம், டீக்கடை பெஞ்சு. இரண்டே வருஷத்தில், 1967 தேர்தலில், விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார் பெ.சீனிவாசன் என்கிற மாணவர் தலைவர். அது கொண்டாட வேண்டிய விஷயமா என்பது வேறு கதை. சூடு ஆறுவதற்குள் வாங்கி வைக்க ஒரு பாத்திரம் இருந்தது, அவ்வளவுதான்.

மெரினாவில் அரசியல்வாதிகளைக் கிட்டவே சேர்க்கவில்லை. நானும் ரசித்தேன். ஆனால், கலைந்த மறுநாள் யார் யாரைக் கூப்பிடுவது? கூட்டத்தின் நடுவே சிங்கமாக நின்றவர், தாலுகா ஆபீஸ் கவுன்ட்டரில் தனி ஆள். ‘‘நாளைக்கு வாங்க தம்பி.’’ மூன்று தடவை போகிறார். நாலாவது தடவை கவரை நீட்டிவிடுகிறார். பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், 30 நாளில் பதில் தரவேண்டும். தெரியும். ‘‘அட்ரஸ் குடுக்கணுமே சார்!’’ கிராம சபை இருக்கிறது, நகரத்தில் 2022 முதல் ஏரியா சபையும் வந்தாச்சு. அங்கே பேச்செல்லாம் சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு. கைதட்டலுக்கு இடமேது?

அடுத்து வருகிறது பெண் பார்க்கும் படலம். காலேஜ் பட்டிமன்றத்தில் வரதட்சணையை எதிர்த்துப் பேசிக் கப் வாங்கியவர்தான். 1961-லேயே சட்டம் போட்டுத் தடுத்த சமாச்சாரம். ‘‘நான் எதுவும் கேக்கலைங்க, அம்மாதான்...’’ பாவம் அம்மா, எத்தனை பழியைத்தான் சுமப்பாள்! கார் சாவியை வாங்குகிற கை மட்டும் மாப்பிள்ளையுடையது.

நான் காமர்ஸ் படித்தவன். தேய்மானம் போடுவதில் இரண்டு வழி உண்டு. வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்துக் கடைசியில் பூஜ்யமாக்குவது ஒன்று. மீதி இருப்பதில் மட்டும் இத்தனை சதவிகிதம் என்று கழிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதில் எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யம் வராது. நம்ம ரயில் ஆசாமி இரண்டாவது ரகம் என்று எனக்கு ஒரு சந்தேகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தின்போது எங்கள் பேட்டையில் முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட் சுமந்தவர்களில் பாதிப் பேர் இந்த ‘நாம உண்டு, நம்ம வேலை உண்டு’ கோஷ்டி.

தண்ணீர் வடிந்ததும் ஆளைக் காணோம். ஆனால், அப்போது ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப் இன்னும் இருக்கிறது. தினமும் அதில் குட்மார்னிங் ரோஜாப்பூ வரும். போன வாரம் ஒருத்தர், ‘நம்ம தெரு மழைநீர் வடிகால் என்னாச்சுன்னு பத்து ரூபாய் மனு ஒண்ணு போடலாமா?’ என்று கேட்டிருந்தார். பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள். மனுவில் யார் பேரைப் போடுவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.