கோதுமை ஒவ்வாதார்க்கு உரிய ஆகாரம்

கோதுமை உலகின் பெருந் தானியங்களுள் ஒன்று. கோடிக்கணக்கான மக்கள் அதனை உண்டு திடகாத்திரமாக வாழ்கின்றனர். ஆயினும் ஒரு சிலருக்கு அத்தானியமே குடலைக் கெடுத்துத் தேகத்தை மெலிவிக்கும் பகையாக அமைகின்றது. இந்நோய்க்குச் 'சீலியாக்' நோய் என்று பெயர். இதனைத் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. தக்க ஆகாரம் ஒன்றே பரிகாரமாகும். அவ்வாகாரத்திற்கு வேண்டிய தானியங்கள் பெரும்பாலும் நம் குடியானவர்களின் புன்செய் நிலத்திலேயே விளைவன. ஆதலின் இவ்விஷயத்தை அவர்கள் அறிந்திருத்தல் நன்று.

ஹாலந்தில் வெளிப்பட்ட உண்மை

1888-ஆம் ஆண்டில் ஸாமுவேல் ஜீ என்னும் ஆங்கில வைத்தியர் இந்நோயின் குறிகளை விரிவாக எழுதி, ஆகாரத்தினாலேயே இது தீர வேண்டுமென்று குறிப்பிட்டார். எந்த ஆகாரம் கெடுதல் செய்கின்றது என்பது மட்டும் அவருக்குப் புலப்படவில்லை. 1924-இல் அமெரிக்க வைத்தியர் ஸிட்னி ஹாஸ் என்பார், ரொட்டி முதலியவற்றை விலக்கி வாழைப்பழத்தை மிகுதியாகக் கொடுத்துக் குழந்தைகள் பலரைத் தேற்றினார். பழத்தின் குணத்தாலேயே அவர்கள் தேறினர் என்று அக்காலத்தில் எண்ணப்பட்டது.

உண்மையைத் துணிந்தவர் ஹாலந்து தேசத்து வில்லெம் டிக்கெ என்னும் குழந்தை வைத்தியர். ஹேக் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய அவர், கோதுமை ரொட்டியே காரணமாகலாமென்று யுத்தத்திற்கு முன்னரே ஐயுற்றிருந்தார். 1944-45 மாரிக்காலத்தில் அத்தேசத்தைக் கொடிய பஞ்சம் பீடித்து, ரொட்டி கிடைப்பது அரிதாயிற்று. ஊரார் பசியால் வாட, இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். யுத்தம் முடிந்து ரொட்டி மீண்டும் வந்ததும் நோயும் மீண்டது. 1950-இல் டிக்கெ தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். மாவுச்சத்தன்று, கோதுமையிலுள்ள பசைப்புரதமே தீங்கு செய்வதென்பது பின்னர் உறுதியாயிற்று.

நோயின் இயல்பு

கோதுமை மாவைப் பிசைந்து நீரில் அலம்பினால் மாவுச்சத்து கரைந்தோட, இழுபடும் பிசின் போன்ற ஒரு பொருள் கையில் எஞ்சும். அதுவே குளூட்டன். இந்நோய்க்கு இலக்கானவர் அதை உண்டால், அவர் தேகத்தின் காப்புச் சக்தியே திரும்பிச் சிறுகுடலைத் தாக்குகின்றது. உணவின் சாரத்தை உறிஞ்சும் நுண்ணிய குடல் முளைகள் தேய்ந்து போகின்றன. எவ்வளவு உண்டும் சத்து ஒட்டாமையால் வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், சோகை, எலும்பு மெலிவு ஆகியவை உண்டாகும். குழந்தைகள் வளர்ச்சி குன்றுவர். சவலை என்றும் மாந்தம் என்றும் கருதிக் காலங்கழிப்பதால் நோய் முற்றுகின்றது.

உலகத்தில் ஏறக்குறைய நூற்றுக்கொருவருக்கு இந்நோய் உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, வட இந்தியாவில் அதே அளவுக்குச் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இது காணப்பட்டது. எனினும் கோதுமைப் பண்டங்கள் இக்காலத்தில் எங்கும் பரவிவிட்டமையால் தெற்கிலும் அசட்டை கூடாது.

ஒன்று முக்கியமாகக் கவனிக்கற்பாலது. இரத்தப் பரீட்சையும் குடற் பரீட்சையும் முடியுமுன் கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்தினால் நோய் இருந்தும் பரீட்சையில் தெரியாமற் போகும். நோயில்லாதவர் கோதுமையை விலக்க வேண்டுவதில்லை.

கொள்வனவும் தள்ளுவனவும்

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றும் அறவே தள்ளத்தக்கவை. ஆதலின் ரவை, மைதா, சேமியா, ரொட்டி, பிஸ்கோத்து, பரோட்டா, மால்ட் சேர்ந்த பானப் பொடிகள் ஆகியன ஆகா. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதுண்டு. கடைச் சத்துமாவிலும் கோதுமை இருக்கலாம். விவரம் பார்த்து வாங்குக.

அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, மக்காச்சோளம், பருப்பு வகைகள், கிழங்குகள், காய்கனிகள், பால், முட்டை, மீன், இறைச்சி யாவும் இயல்பாகவே குளூட்டன் அற்றவை. அரிசியும் உளுந்தும் அரைத்த இட்லி, தோசைக்குத் தடையில்லை.

பசியும் வயிற்றுத் தொல்லையும்

கோதுமையை விட்டவுடன் பலர் அடிக்கடி பசிக்கிறதென்று முறையிடுவர். இது நற்குறியாகவும் இருக்கலாம். குடல் தேறுந்தோறும், இழந்த சத்தை ஈடுசெய்யத் தேகம் உணவை நாடுகின்றது. சப்பாத்தி இருந்த இடத்தை வெறும் வெள்ளைச் சோற்றால் நிரப்புவதும் மற்றொரு காரணம். சோற்றைக் குறைத்துப் பருப்பு, முட்டை, தயிர், கீரை இவற்றைக் கூட்டினால் பசி நெடுநேரம் தாங்கும். காலையில் கம்பங்கூழோ கேழ்வரகுக் களியோ கொள்வது சிறப்பு. இடைப்பொழுதில் கடலைச் சுண்டல், அவித்த நிலக்கடலை, வாழைப்பழம் போதும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உள்ளமையால், எலும்பு மெலிந்தோர்க்கு அது மிக்க அனுகூலம்.

சிறுதானியம் பழகாதவர் திடீரென மிகுதியாக உண்டால் வயிறு உப்பும். முதலில் ஒருவேளை சிறிதளவாகத் தொடங்கி, வாரந்தோறும் கூட்டிவர வேண்டும். தண்ணீரும் போதிய அளவு பருக வேண்டும். குடல் கெட்டிருக்குங்காலத்தில் பாலிலுள்ள சர்க்கரை சிலருக்குச் செரிப்பதில்லை. அன்னார் சில காலம் பாலைக் குறைத்து மோரும் தயிரும் கொள்ளலாம். குடல் தேறியபின் பால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். சில வாரங்களில் குணம் தெரியும். ஆயினும் குடல் முற்றும் ஆற ஆறு மாதம் முதல் இரண்டாண்டுக்கு மேலும் ஆகலாம். குணம் கண்டவுடன் பத்தியத்தை விடுதல் பெருந்தவறு. இப்பத்தியம் ஆயுள் முழுவதற்கும் உரியது. சோகை நீங்க இரும்புச் சத்து முதலிய மருந்துகளை வைத்தியர் சொற்படி கொள்க.

குடியானவரும் கிராம அதிகாரிகளும் செய்யத் தக்கன

குளூட்டன் அற்றதென்று விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாதென்பது சர்வதேச விதி. ஒரு கிராம் கோதுமை மாவிலேயே ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளூட்டன் உண்டு. எனவே ஒரு கிலோ கேழ்வரகு மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலும் அவ்வெல்லை எட்டிவிடும். கோதுமை அரைத்த எந்திரத்தில் அடுத்து அரைக்கும் கேழ்வரகில் இதனினும் மிகுதியாகவே கலப்பு நேரக்கூடும். நோயாளியின் தானியத்தை வீட்டுத் திரிகையில் அரைப்பதே உத்தமம். வேறு தானியம் புகாத தனி எந்திரம் கிடைப்பின் அதுவும் ஆகும். கோதுமை நிரப்பிய சாக்கில் சிறுதானியத்தைக் கட்டலாகாது. வீட்டிலும் சல்லடை, முறம், தோசைக்கல் ஆகியவற்றைத் தனியே வைத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள், நெடுநாள் வயிற்றுப்போக்குடன் வளர்ச்சி குன்றிய குழந்தைகளைக் கண்டால், ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தாமதியாதிருப்பார்களாக. புன்செய்த் தானியத்தைக் கலப்பின்றிச் சுத்தமாக விற்கும் குடியானவர் நல்ல விலை பெறுவதோடு, அதையே மருந்தாக உண்ணும் நோயாளிகளுக்கும் பேருதவி புரிந்தவராவர்.