இலவச மென்பொருளுக்கும் காவல் வேண்டும்
லினக்ஸ் கணனிக்குப் புதுப்பிப்புகளைப் பெறுவது பற்றி ஒரு விளக்கம்

எமது கிராமங்களில் கணனி இன்று புதுமையான பொருளல்ல. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சேமிப்புக் கணக்கு, கமக்கார அமைப்பின் அங்கத்தவர் பட்டியல், மீள்குடியேற்ற வீட்டுத் திட்டத்துக்கான விண்ணப்பங்கள் எனப் பலவும் அதில் ஏறிவிட்டன.

இவற்றைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளத்தை விட்டுப் போகவேண்டி வந்த குடும்பங்களும், போர்க்காலம் முழுவதும் ஊர் ஊராக அலைந்த ஏனைய குடும்பங்களும் எம்மிடையே இருக்கிறார்கள். காணி உறுதியையோ உத்தரவுப் பத்திரத்தையோ பிறப்புச் சான்றிதழையோ இழந்தவர்களுக்கு ஒரு கடதாசியின் பெறுமதி தெரியும். கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி மீண்டும் பெற்ற பத்திரங்களைப் படியெடுத்துக் கணனியில் சேமித்து வைப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்தக் கணனியே பாதுகாப்பாக இருக்கிறதா? இக்கட்டுரை அதைப் பற்றியது.

விண்டோஸ் 10க்கு என்ன நடந்தது?

ஒவ்வொரு கணனியையும் இயக்குவதற்கு அடிப்படையான ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை இயங்குதளம் என்கிறோம். எமது பழைய கணனிகள் பலவற்றில் இருப்பது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 10. இதற்கு வழங்கப்பட்டு வந்த வழமையான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றன. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, குறிப்பிட்ட சில பாதுகாப்பு உறுப்புகள் உள்ள புதிய கணனிகளையே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணனிகள் பல வழியில் விடப்பட்டன.

இப்படிப்பட்ட கணனிகளைத் தூக்கி எறியவேண்டியதில்லை. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை அவற்றில் இட்டுத் தொடர்ந்து பயன்படுத்தலாம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய பணி இது. அதற்கு முன்னரே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டமும் இதனோடு சேர்ந்தது. யாரும் எடுக்கலாம், படியெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தலாம். எழுதுவதற்கும் கணக்கு வைப்பதற்கும் வேண்டிய மென்பொருட்களும் அதனுடன் வருகின்றன. தமிழில் தட்டெழுதவும் முடியும்.

இத்தகைய கட்டற்ற மென்பொருள் எமது நாட்டுக்குப் புதியதல்ல. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின் காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவதற்கு இலங்கைக் கணனி வல்லுநர்கள் உருவாக்கிய 'சஹனா' அத்தகையதே. பின்னர் அது வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

ஆனால் ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. "லினக்ஸுக்கு வைரஸ் வராது, ஒருமுறை போட்டுவிட்டால் போதும்" என்கிறார்கள். அது சரியல்ல.

புதுப்பிப்பு எதற்கு?

கட்டுக்கரைக்குளத்துக்கு நீர் அருவியாற்றின் தேக்கம் அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியே வருகிறது. ஆற்றையும் மழையையும் நாம் விலைக்கு வாங்கவில்லை. ஆனாலும் காலபோகத்துக்கு முன் வாய்க்கால் துப்பரவு செய்யவேண்டும், குளக்கட்டில் எலிவளை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சிறிய துளையை அன்றே அடைத்தால் ஒரு கூடை மண் போதும். விட்டுவிட்டால் கட்டு உடையும்.

மென்பொருளும் மனிதர் கட்டியதுதான். அதிலும் துளைகள் உண்டு. ஒரு துளை தெரியவந்ததும் அதை அடைக்கும் திருத்தத்தை உருவாக்கி அனுப்புகிறார்கள். அதுவே பாதுகாப்புப் புதுப்பிப்பு. துளை இருக்கும் செய்தி திருடருக்கும் அதே நாளில் தெரிந்துவிடுகிறது என்பதை மறக்கக்கூடாது.

2017 மே 12 அன்று 'வன்னாகிரை' என்ற தீய மென்பொருள் உலகெங்கும் பரவியது. 150 வரையான நாடுகளில் இலட்சக்கணக்கான விண்டோஸ் கணனிகளின் கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்கு 300 டொலர் கப்பம் கேட்டது. இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகளில் நோயாளரின் சந்திப்புகளும் சத்திரசிகிச்சைகளும் பிற்போடப்பட்டன. அந்தத் துளையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச் 14ஆம் திகதியே வெளிவந்திருந்தது. இரண்டு மாதமாக அதைப் பெறாமல் இருந்த கணனிகளே அகப்பட்டன.

லினக்ஸிலும் உதாரணம் உண்டு. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்ற மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்னும் துளை வெளியானது. கடவுச்சொற்கள்கூட அதன் வழியே கசியலாம். திருத்தம் உடனேயே வந்தது. புதுப்பித்தவர்கள் தப்பினார்கள்.

சந்தா என்றால் பணமா?

லினக்ஸ் ஒரே வடிவில் வருவதில்லை. பலர் அதைப் பொதிசெய்து வெவ்வேறு பெயர்களில் வழங்குகிறார்கள். விதைநெல் ஒன்றுதான் என்றாலும் விநியோகிப்பவர் பலர் இருப்பதைப் போல இதுவும். இவ்வழங்கல்களில் புதுப்பிப்பைப் பெறும் முறை மூன்று வகைப்படும்.

முதலாவது, கணக்கும் வேண்டாம் பணமும் வேண்டாம் என்ற வகை. 1993இல் தொடங்கிய டெபியன் இதற்கு உதாரணம். உலகெங்குமுள்ள தொண்டர்கள் அதைப் பேணுகிறார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று ஆண்டு வழமையான ஆதரவும் மேலும் இரண்டு ஆண்டு நீடித்த ஆதரவும் கிடைக்கிறது.

இரண்டாவது, அடிப்படை இலவசம், மேலதிகத்துக்குப் பதிவு என்ற வகை. கனோனிக்கல் நிறுவனத்தின் உபுண்டு இவ்வாறானது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் 'நீண்டகால ஆதரவுப் பதிப்பு' வெளிவருகிறது. அதன் முக்கிய தொகுதிக்கு ஐந்து ஆண்டு இலவசப் புதுப்பிப்பு உண்டு. 'உபுண்டு புரோ' என்ற சந்தாவில் சேர்ந்தால் அது பத்து ஆண்டாக நீள்கிறது, முக்கிய தொகுதிக்கு வெளியேயுள்ள ஆயிரக்கணக்கான மென்பொருட்களுக்கும் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கிறது. நிறுவனங்களுக்கு இச்சந்தா கட்டணத்துக்கு உரியது. ஆனால் தனியொருவர் தமது கணக்கில் ஐந்து கணனிகள் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். சங்கத்தின் பெயரில் சேர்வதானால் நிபந்தனைகளை முதலில் வாசித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஆண்டுச் சந்தா கட்டவேண்டிய வகை. ரெட் ஹாட், சூசே ஆகிய நிறுவனங்களின் தொழில்முறைப் பதிப்புகள் இவ்வாறானவை. இங்கே பணம் கொடுப்பது மென்பொருளுக்காக அல்ல, தொடர்ந்து வரும் திருத்தத்துக்கும் உதவிக்குமாகவே. வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். கிராமச் சங்கத்துக்குத் தேவையில்லை.

முடிவு நாளை அறிந்து வையுங்கள்

எந்தப் பதிப்புக்கும் ஒரு முடிவு நாள் உண்டு. கணனி அதன் பின்னும் ஓடும், ஆனால் துளைகளை அடைக்க ஆளிருக்காது. கவனிக்கவேண்டிய சில ஆண்டுகள் இவை:

உபுண்டு 22.04: வழமையான ஆதரவு 2027 வரை, புரோ சந்தாவுடன் 2032 வரை.
உபுண்டு 24.04: 2029 வரை, புரோ சந்தாவுடன் 2034 வரை.
லினக்ஸ் மின்ட் 22: 2029 வரை.
டெபியன் 12: 2028 வரை.
டெபியன் 13: 2030 வரை.

பழைய கணனிகளில் விரைவாக ஓடும் லுபுண்டு, சுபுண்டு போன்ற உபுண்டுவின் கிளைகளுக்கு மூன்று ஆண்டு ஆதரவே உண்டு. மிகப் பழைய 32 பிட் கணனிகளுக்கு டெபியன் 12 வரையிலேயே நிறுவும் கோப்பு வந்தது. டெபியன் 13இல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. அன்பளிப்பாகக் கணனி வரும்போது இதை முதலில் விசாரிக்கவேண்டும்.

முடிவு நாள் மாறவும் கூடும். சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8, 2029 வரை பேணப்படும் என்று நம்பிப் பலர் தமது கணனிகளில் இட்டார்கள். 2020 டிசெம்பர் 8 அன்று, அது 2021 டிசெம்பர் 31உடன் முடிவுறும் என அறிவிக்கப்பட்டது. எட்டு ஆண்டு என்று எண்ணியிருந்தவர்களுக்கு ஓராண்டே மிஞ்சியது. ஆனாலும் மூலநிரல் திறந்திருந்தபடியால், 2021இலேயே அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற மாற்றுகளைப் பிறர் உருவாக்கினார்கள். அறிவித்தலைக் கவனித்தவர்கள் காலத்தோடு மாறிக்கொண்டார்கள்.

ஒரு கூட்டமைப்பாக இதைச் செய்வதற்குக் கேரளம் நல்ல உதாரணம். அங்கே 'கைட்' என்ற அரச நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பாடசாலைகளுக்கென ஒரு பதிப்பைத் தயாரித்து வழங்குகிறது. 2019இல் உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைக் கணனிகளுக்காக வெளியிடப்பட்டது. எப்போது மாறவேண்டும் என்பதை ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியே தேடவேண்டியதில்லை. எமது பகுதிச் சங்கங்களும் ஒரே பதிப்பைத் தெரிவுசெய்தால், ஒருவர் கற்றது மற்றவருக்கு உதவும்.

சான்றுபெற்ற விதை போல

புதுப்பிப்பு என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லதல்ல. விதைநெல் வாங்கும்போது சான்றுச் சிட்டையைப் பார்க்கிறோம். லினக்ஸ் வழங்கல்களும் தமது பொதிகளுக்கு இலத்திரனியல் கையொப்பம் இடுகின்றன. கையொப்பம் பொருந்தாவிட்டால் கணனி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தட்டிவிட்டு நிறுவக்கூடாது. முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் வரும் இணைப்புகளிலிருந்து மென்பொருள் இறக்கக்கூடாது.

2024 மார்ச்சில், 'எக்ஸ்இசட்' என்ற சிறு மென்பொருளின் புதிய பதிப்பிலேயே ஒருவர் கள்ளவழி அமைத்திருந்தது தெரியவந்தது. கணனிக்குள் நுழைவது அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்த அன்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியியலாளரே அதைக் கண்டுபிடித்தார். அது அப்போது பெரும்பாலும் பரீட்சார்த்தப் பதிப்புகளுக்கே சென்றிருந்தது. டெபியனின் நிலையான பதிப்பை வைத்திருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. புது இன நெல்லைப் பரீட்சை வயலில் பார்த்த பின்பே கமக்காரரிடம் கொடுப்பதன் காரணம் இதுதான். நாமும் நிலையான பதிப்பையே வைத்திருப்போம்.

செய்யவேண்டியவை

1. கணனியின் அமைப்புப் பகுதியில் 'பற்றி' என்ற இடத்தைத் திறந்து, பதிப்பின் பெயரையும் இலக்கத்தையும் பாருங்கள். அவற்றையும் முடிவு ஆண்டையும் ஒரு தாளில் எழுதிக் கணனியில் ஒட்டுங்கள்.

2. வாரத்தில் ஒரு நாளைப் புதுப்பிப்புக்கென ஒதுக்குங்கள். உபுண்டு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே எடுக்கும். ஆனால் கூட்டத்தன்று மட்டும் அரை மணித்தியாலம் இயக்கப்படும் கணனிக்கு அதற்கு நேரமோ இணையமோ கிடைப்பதில்லை.

3. முதல் தடவை புதுப்பிக்கும்போது பல நூறு மெகாபைட் செலவாகலாம். உபுண்டு 24.04ஐ நிறுவும் கோப்பு ஏறத்தாழ 6 ஜிகாபைட். கைத்தொலைபேசி டேட்டாவில் இதைச் செய்வது செலவு. ஒருவர் இறக்கிப் பென்டிரைவில் மற்றச் சங்கங்களுக்குக் கொடுக்கலாம். அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே.

4. புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். முடிந்ததும் கணனியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். சில திருத்தங்கள் அதன் பின்பே வேலை செய்யும்.

5. உபுண்டு புரோவில் சேர்வதானால், 'மென்பொருளும் புதுப்பிப்புகளும்' என்ற பகுதியில் அதற்கான இடம் உண்டு. திரையில் ஒரு குறியீடு தோன்றும். உங்கள் கணக்கினுள் சென்று அக்குறியீட்டைக் கொடுத்தால் கணனி இணைந்துவிடும்.

6. கணக்கு யார் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் யாரிடம் உண்டு என்பதைச் சங்கக் கூட்ட அறிக்கையில் பதியுங்கள். கணனி தெரிந்த பிள்ளை வெளிநாடு போய்விட்டால் சாவியும் கூடவே போய்விடக்கூடாது. கடவுச்சொல்லை மூடிய உறையில் இட்டுப் பொருளாளரிடம் கொடுத்து வையுங்கள்.

7. புதுப்பிப்பு திருடரைத் தடுக்கும். பழுதடையும் தட்டையோ வெள்ளத்தையோ தடுக்காது. பத்திரங்களின் பிரதியை வேறொரு இடத்திலும் வையுங்கள். மூலப் பத்திரத்தை ஒருபோதும் கைவிடாதீர்கள்.

இவற்றுள் எதற்கும் பெரிய படிப்புத் தேவையில்லை. தேவைப்படுவது ஒழுங்கும், பொறுப்பேற்க ஒருவரும், அவருக்குப் பதிலாக இன்னொருவருமே. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து மீண்டும் தேடியவர்கள் நாம். மீண்டும் தேடிச் சேர்த்ததைக் கவனக்குறைவால் இழக்க வேண்டியதில்லை.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

எமது கணனியில் எவருடைய பத்திரங்களும் கணக்குகளும் உள்ளன? அவை அழிந்தால் யாருக்கு நட்டம்?

எமது இயங்குதளத்தின் முடிவு நாள் எது? அதற்கு முன் யார், எதற்கு மாற்றுவார்?

வாராந்தப் புதுப்பிப்புக்கான டேட்டாச் செலவைச் சங்கம் ஏற்குமா? அயல் கிராமச் சங்கத்துடன் பகிரலாமா?