ஒற்றைக்கால் தவமும் மூன்று வாசல்களும்: தெரியுமா?

மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையில், கைகளை உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கிறாரே தவசி, அவரது இடுப்பு மூட்டு எவ்வளவு பாரம் தாங்கும் தெரியுமா? உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு! 60 கிலோ ஆளுக்கு 150 கிலோ! தூக்கிய கால் பக்கம் இடுப்பு சரியாமல், ஊன்றிய கால் பக்கத்துத் தசை இழுத்துப் பிடிக்கிறது. உடல் எடையும் அந்த இழுப்பும் சேர்ந்து மூட்டின் மேல் இறங்குகின்றன. நாம் நடக்கும்போது ஒவ்வோர் எட்டிலும் இதேதான் நடக்கிறது!

தேய்ந்த இடுப்பு மூட்டை முழுதாக மாற்ற மருத்துவர் உள்ளே போகும் முக்கியமான வழிகள் எத்தனை தெரியுமா? மூன்று!

பின்வாசல்: பெரிய பிட்டத் தசையை அதன் இழையோட்டத்திலேயே விலக்கி, உள்ளே இருக்கும் சிறு தசைகளை வெட்டிப் பிறகு தைப்பார்கள். தவசியைத் தாங்கும் அந்தப் பக்கத் தசையில் கத்தி படுவதே இல்லை! ஆனால் தொடை எலும்பின் தலைக்குப் பதிலாகப் பொருத்தும் புதிய பந்து பின்பக்கமாக நழுவும் அபாயம் உண்டு. மூட்டைச் சுற்றியுள்ள உறையைத் திரும்பத் தைத்தால் அது நன்றாகவே குறையும். குந்துவது, தாழ்வாக உட்காருவது, கால்மேல் கால் போடுவது எல்லாம் சில காலம் கூடாது!

பக்கவாசல்: 1982இல் மருத்துவர் ஹார்டிஞ்ச் எழுதிய முறை. பந்து நழுவுவது குறைவு. ஆனால் பக்கத் தசையில் ஒரு பகுதியைப் பிரித்துத்தான் தைக்கவேண்டும். அது சரியாக ஒட்டாவிட்டால் நடையில் சாய்வு வரும். அதைக் கண்டுபிடிப்பது எப்படித் தெரியுமா? நோயாளியை ஒற்றைக்காலில் நிற்கச் சொல்வார்கள்! 1895இல் மருத்துவர் டிரெண்டலன்பர்க் சொன்ன சோதனை, நம் தவசியின் அதே கோலம்!

முன்வாசல்: மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு தசைகளுக்கு நடுவிலுள்ள இயற்கையான சந்து வழியே நுழைவார்கள். ஜெர்மானிய மருத்துவர் ஹ்யூட்டர் 1881இலேயே எழுதிய பாதை! முதல் சில வாரங்களில் நடை சீக்கிரம் திரும்பும். சிலருக்குத் தொடை மரத்துப்போகும். பழகிய கை இல்லாவிட்டால் இந்த வழி கடினம்.

ஓராண்டு கழித்துப் பார்த்தால் மூன்று வழிகளில் சிகிச்சை பெற்றவர்களுக்குள்ளும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஆச்சரியம்தானே!

வாசல் இருக்கட்டும், உள்ளே பொருத்தும் பந்துக்கும் ஒரு கதை உண்டு! 1960 முதல் பர்மாவின் மாண்டலேயில் டாக்டர் சான் பா, உடைந்த தொடை எலும்பின் தலைக்குப் பதிலாக யானைத் தந்தத்தில் கடைந்ததைப் பொருத்தினார் தெரியுமா? 300க்கும் மேற்பட்டோருக்கு! 1962இல் இங்கிலாந்தின் மருத்துவர் சார்ன்லி, முக்காலே அரைக்கால் அங்குல உலோகப் பந்தையும் பாலித்தீன் கிண்ணத்தையும் இணைத்தார். இன்றைய செயற்கை மூட்டுகளுக்கு அதுவே முன்னோடி!

இடுப்பு வலியோடு எலும்பு மருத்துவரிடம் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். “நீங்கள் அதிகம் செய்து பழகிய வழி எது? என் அன்றாடத்துக்கு எது பொருந்தும்?” தரையில் உட்கார்ந்து உளி பிடிக்கும் சிற்பியா, படகு தள்ளும் மீனவரா, வீட்டில் இருப்பது குந்தும் கழிப்பறையா, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த வாசலில் நுழைந்தாலும் சேரவேண்டிய இடம் ஒன்றே: அந்தக் காலை நம்பி நீங்கள் மறுபடி ஒற்றைக்காலில் நிற்கவேண்டும்!