பனியாற்றை நோக்கிப் புறப்படும் முன்

பெங்களூரு தண்டுப் பகுதியை 1898-ஆம் ஆண்டில் பிளேக் நோய் உலுக்கியது. அதன்பின் நெரிசலற்ற, காற்றோட்டமான குடியிருப்பாகத் திட்டமிட்டு எழுப்பப்பட்ட பகுதிகளுள் ஒன்று பிரேசர் டவுன். புலிகேசி நகர் என்று பெயர் மாற்றப்பட்ட பின்னும் மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. தமிழும் உருதும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இப்பகுதியில், மார்கழி விடியலில் வெப்பநிலை 15 டிகிரிக்கு இறங்கினாலே கம்பளிக் குல்லாய்கள் வெளியே வந்துவிடும். இத்தகைய மிதமான ஊரிலிருந்து, ஆண்டுதோறும் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இமயத்தின் பனியாறுகளை நோக்கிப் புறப்படுவோர் பலர். அவர்களுள் இளைஞர்கள் மட்டுமல்லர். பணி ஓய்வு பெற்ற தம்பதியரும் இருக்கின்றனர்.

இமயத்தின் மீதான நாட்டம் தமிழர்க்குப் புதிதன்று. கண்ணகிக்குப் படிமம் சமைக்க இமயத்திலிருந்து கல் கொணர்ந்த செங்குட்டுவனைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கயிலையை நோக்கி நடந்து, கால் தேய்ந்து, கை தேய்ந்து, இறுதியில் உடலால் உருண்டு சென்ற திருநாவுக்கரசரைப் பெரியபுராணம் காட்டுகிறது. மனம் முந்திச் செல்லும் இடத்திற்கு உடல் பிந்தியே வந்து சேரும் என்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். இன்று விமானமும் மகிழுந்தும் அந்தத் தொலைவைச் சுருக்கிவிட்டன. ஆனால் உடல் அதே உடல்தான். அதனை ஆயத்தப்படுத்தும் வழிகளை, பணத்தை ஆயத்தப்படுத்தும் வழிகளோடு சேர்த்து இக்கட்டுரையில் காண்போம்.

எந்தப் பனியாறு?

முதன்முறை செல்வோர்க்கு ஏற்றவையாகப் பெரும்பாலும் சொல்லப்படுபவை இரண்டு. ஒன்று, உத்தராகண்டின் பாகேஷ்வர் மாவட்டத்திலுள்ள பிண்டாரி. மற்றொன்று, உத்தரகாசி மாவட்டத்திலுள்ள கங்கோத்ரி பனியாற்றின் முகப்பான கோமுகம். பாகீரதி ஆறு பனிக்கட்டியின் அடியிலிருந்து பீறிட்டு வெளிப்படும் இடம் இதுவே.

கோமுகம் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. கங்கோத்ரி கோயிலிலிருந்து 18 கிலோமீட்டர் நடை. 9 கிலோமீட்டரில் சீர்வாசா, 14 கிலோமீட்டரில் போஜ்வாசா. பெரும்பாலோர் இரவு தங்குவது போஜ்வாசாவில். இவ்வழி கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் அமைந்திருப்பதால் வனத்துறையின் அனுமதிச் சீட்டு கட்டாயம். நாளொன்றுக்கு 150 பேருக்கு மட்டுமே அனுமதி என்னும் வரம்பும் உண்டு. ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே அனுமதியைப் பற்றி உறுதி செய்துகொள்வது நலம்.

உயரம் உடலுக்குச் செய்வது

மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 90 விழுக்காடு பெங்களூருவில் கிடைக்கிறது. கங்கோத்ரியில் அது 70 விழுக்காட்டை ஒட்டிவிடும். கோமுகத்தில் 60 விழுக்காடுதான். பிரேசர் டவுனில் காலைச் சிற்றுண்டி முடித்துப் புறப்படும் ஒருவர், மூன்றாம் நாள் இரவில் 3,100 மீட்டர் உயரமுள்ள கங்கோத்ரியில் உறங்க முடியும். பயணம் அவ்வளவு எளிதாகிவிட்டதே ஆபத்தின் தொடக்கம்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை, மிகுந்த சோர்வு ஆகியவை மலைநோயின் முதல் அறிகுறிகள். இவற்றைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கக்கூடும். ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குதல், ஓயாத இருமல், நேர்க்கோட்டில் நடக்க இயலாமை, பேச்சுக் குழறுதல் ஆகியவை உயிருக்கு ஆபத்தான நிலையின் அடையாளங்கள். அந்நிலையில் உடனடியாகக் கீழே இறங்குவதே முதன்மையான மருத்துவம். அது நள்ளிரவாயினும் சரி.

தடுக்கும் வழி எளிது. பொறுமை மட்டுமே தேவை. 3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும். மூன்று, நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரு நாள் அதே உயரத்தில் ஓய்வு கொள்ள வேண்டும். கோமுகம் செல்வோர் உத்தரகாசியில் ஓர் இரவும் கங்கோத்ரியில் இரண்டு இரவுகளும் தங்குவது அறிவுடைமை. முன்கூட்டியே உட்கொள்ளும் அசெட்டசோலமைடு மாத்திரை சிலருக்கு உதவும். எனினும் சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதோர், சிறுநீரகக் கோளாறு உடையோர் ஆகியோருக்கு அது தீங்காகலாம் என்பதால், குடும்ப மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. இதய நோய், ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோர் பயணத்தை முடிவு செய்வதற்கு முன்பே மருத்துவரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

மூன்று மாதப் பயிற்சி

உயரத்துக்கு உடலைப் பழக்கும் வசதி பெங்களூருவில் இல்லை. ஆயினும் இதயத்தையும் கால்களையும் வலுப்படுத்த இந்நகரமே போதும். முதல் மாதம், வாரம் ஐந்து நாள் ஒரு மணி நேர விரைவு நடை. பிரேசர் டவுனில் வசிப்போர்க்கு அல்சூர் ஏரிப்பக்கம் தொலைவில் இல்லை. இரண்டாம் மாதம், மெல்லோட்டத்தையும் படிக்கட்டு ஏறுதலையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து கிலோமீட்டரை 35 முதல் 40 நிமிடங்களுக்குள் மூச்சிரைக்காமல் ஓடி முடிக்கும் நிலையை எட்டுவது நல்ல இலக்கு. மூன்றாம் மாதம், ஆறேழு கிலோ எடையுள்ள முதுகுப்பையுடன் நடக்க வேண்டும். வார இறுதிகளில் நந்தி மலைப் படிகளையோ சாவன்துர்கா பாறையையோ ஏறிப் பார்க்கலாம்.

இறங்கும் பயிற்சியைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஏற்றம் மூச்சைச் சோதிக்கும். இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். படிகளில் மின்தூக்கியைத் தவிர்த்து இறங்குவதும் பயிற்சியே. முறையாகக் கற்க விரும்புவோர்க்குக் கர்நாடக அரசின் ஜெனரல் திம்மையா தேசிய சாகசப் பயிற்சி அகாடமி பெங்களூருவிலேயே உள்ளது. 1965-இல் தொடங்கப்பட்ட உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் பனியின்மேல் நடப்பதற்கான அடிப்படை வகுப்புகளும் நடைபெறுகின்றன.

உடுப்பும் மூட்டையும்

ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். காற்று வீசினால் உடல் உணரும் குளிர் இன்னும் மிகும். இதற்கு ஒரே தடித்த கோட்டை நம்புவதைவிட, மூன்று அடுக்காக உடுத்துவதே மேல். உடலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் உள்ளாடை. அதன்மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கம்பளி அல்லது ஃபிளீஸ். எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் நீரையும் தடுக்கும் மேலங்கி. ஏறும்போது ஒன்றைக் கழற்றவும் நிற்கும்போது ஒன்றை அணியவும் இம்முறை இடம் தரும்.

நம் வெயிலுக்கு உற்ற துணையான பருத்தி, பனியில் பகையாகும். நனைந்த பருத்தி எளிதில் உலராது. உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது குளிர்விறைப்பு எனப்படும் அபாய நிலை. இரவில் அணிய ஓர் இணை உலர்ந்த ஆடையும் காலுறையும் நீர்புகாப் பையில் தனியே இருக்கட்டும்.

காலணியைப் புறப்படும் வாரத்தில் வாங்கலாகாது. கணுக்காலை மூடும், அரை அளவு பெரிய காலணியை இரண்டு மாதங்களுக்கு முன்பே வாங்கி, பயிற்சி நடையிலேயே பழக்கிக்கொள்ள வேண்டும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி அழகுக்கு அன்று. புதுப்பனி சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி எறிவதால், வெறுங்கண்ணுக்குப் பனிக்குருடு நேரும். தலைவிளக்கு, நாள்தோறும் மூன்று லிட்டர் நீர் அருந்த இரண்டு குப்பிகள், வழக்கமான மருந்துகள், நிலக்கடலை, பேரீச்சை, கடலைமிட்டாய் ஆகியவை மூட்டையில் இடம்பெறட்டும்.

பனிக்கட்டியின் மேல்

பனியாறு அசையாத பாறை போலத் தோன்றினும், அது தன் எடையாலேயே மெல்ல நகரும் பனிக்கட்டி. நகரும்போது அதில் ஆழ்ந்த பிளவுகள் உண்டாகின்றன. புதுப்பனி அவற்றின் வாயை மூடிவிட்டால், பழகிய கண்ணுக்கும் அவை தென்படா. அதனால்தான் பனிமூடிய பரப்பில் வழிகாட்டிகள் அனைவரையும் ஒரே கயிற்றில் பிணைத்து நடத்துகின்றனர். கிராம்பான் எனப்படும் இரும்பு முள் சட்டத்தைக் காலணியில் பூட்டவும், பனிக்கோடரியால் சறுக்கலைத் தடுக்கவும் முதல் நாளே கற்றுத் தருமாறு கேட்கலாம். கோமுகத்தின் முகப்பில் பனிக்கட்டியும் கல்லும் எந்நேரமும் சரிந்து விழலாம். நிழற்படத்துக்காக அதனடியில் நிற்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

ஒரு துயரம் கற்பிப்பது

2024-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கர்நாடகத்திலிருந்து சென்றோரும் வழிகாட்டிகளுமாக 22 பேர் கொண்ட குழு, உத்தரகாசிப் பகுதியிலிருந்து சஹஸ்ரதால் என்னும் உயர்மலை ஏரியை நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்திலிருந்து திரும்பும் வழியில், ஜூன் 4 அன்று பனிப்புயல் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். விமானப்படையும் மாநிலப் பேரிடர் மீட்புப் படையும் எஞ்சிய 13 பேரை மீட்டன. உயிரிழந்தோரில் பெங்களூருவாசிகள் பலர். எழுபது வயதைக் கடந்தவரும் அவர்களுள் இருந்தார். மலையை முன்பே அறிந்தவர்களும் அக்குழுவில் இருந்தனர் என்பது நாம் மறக்கலாகாதது.

எவரையும் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. மலையில் வானிலை ஒரு மணி நேரத்தில் மாறும். ஜூன் மாதமும் பனி பொழியும். ஆகவே ஏற்பாட்டாளரிடம் முன்பணம் செலுத்துமுன் சில வினாக்களைக் கேட்டே ஆக வேண்டும். அரசின் பதிவும் அனுமதியும் உள்ளனவா? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? அவர் எங்கே பயிற்சி பெற்றவர்? ஆக்சிஜன் உருளையும் முதலுதவிப் பெட்டியும் உடன் வருமா? தொலைபேசித் தொடர்பற்ற இடத்தில் செய்தி அனுப்ப என்ன வழி? எந்த வேளைக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்புவோம்? இறுதி வினாவுக்குத் தெளிவான விடை தராத ஏற்பாட்டாளரைத் தவிர்ப்பதே நன்று. அரசின் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம் என்பதையும் நினைவிற் கொள்க.

பணமும் ஒரு பாதுகாப்பு

மலையில் திரும்ப வேண்டிய தருணத்தில் பலரைத் திரும்பவிடாமல் தடுப்பது எது? செலவழித்த பணமும் முடிந்துபோகும் விடுப்பும்தான். 'இவ்வளவு செலவிட்டு வந்துவிட்டோம்' என்னும் எண்ணம் முழங்கால் வலியையும் தலைவலியையும் மறைத்துவிடுகிறது. எனவே திட்டமிடும்போதே, இரண்டு நாள்களை மேலதிகமாகவும், மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை மீள்பயணத்துக்கெனத் தனியாகவும் ஒதுக்கிவைக்குமாறு பரிந்துரைக்கிறோம். திரும்பிவரப் பணம் இருப்பவருக்கே திரும்பிவரும் துணிவும் இருக்கும்.

மாதம் 5,000 ரூபாய் வீதம் பத்து மாதத் தொடர் வைப்பு, வட்டி நீங்கலாகவே 50,000 ரூபாயாகும். பயணத்துக்காகக் கடன்பட்டு, கடன் தவணையின் நினைவோடு மலையேறுவதைவிட இது மேல். காப்பீடு எடுக்குமுன் விலக்குப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். சாகசச் செயல்களையோ குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட நடையையோ ஏற்காத பத்திரங்கள் உண்டு. ஹெலிகாப்டர் மீட்புச் செலவு அடங்குமா என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். உத்தரகாசியைத் தாண்டியபின் ஏடிஎம்மையும் கைப்பேசிவழிப் பணச் செலுத்தலையும் நம்பியிருக்க இயலாது. தேவையான ரொக்கத்தை இரண்டு இடங்களில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்குகளில் நியமனதாரர் பெயர் பதிவாகியுள்ளதா என்று பார்ப்பது அமங்கலமன்று, பொறுப்புணர்வு.

ஐஸ்லாந்து போன்ற நாடுகளுக்குச் செல்வோர்க்கு ஷெங்கன் விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்த ஐஸ்லாந்தில்தான், ஓக் என்னும் பனியாறு மறைந்துபோனதற்கு 2019-இல் நினைவுக்கல் நாட்டப்பட்டது. கங்கோத்ரி பனியாறும் பல பத்தாண்டுகளாகப் பின்வாங்கி வருகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2025-ஐப் பனியாறுகளின் பாதுகாப்பு ஆண்டாகவும், மார்ச் 21-ஐ உலகப் பனியாறுகள் நாளாகவும் அறிவித்தது இதன் பொருட்டே. நெகிழி உறைகளைத் திரும்ப எடுத்து வருவதும், குறிக்கப்பட்ட வழியைவிட்டு விலகாமல் நடப்பதும் நாம் அங்கே செலுத்தும் வாடகை.

அடுத்த பருவத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. இந்த வாரமே மருத்துவரைக் காணுங்கள். இந்த மாதமே நடையைத் தொடங்குங்கள். வழிகாட்டி 'போதும், இறங்குவோம்' என்று சொல்லும் நாளில், மறுபேச்சின்றி இறங்குங்கள். பனியாறு காத்திருக்காவிட்டாலும், இல்லத்தில் உங்களுக்காகக் காத்திருப்போர் இருக்கின்றனர்.