சாப்பாட்டுக்கு விண்ணப்பிச்சா முகவரி யார் கைக்குப் போகும்?

அமெரிக்காவில் 2025-ல் சுமார் 4.2 கோடி பேர் ‘ஸ்நாப்’ உணவு உதவி வாங்கினாங்க. அவங்க பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் மாநில அரசுகளிடம் இருக்கு. 2020 முதலான அத்தனை பேரின் விவரமும் வேணும்னு 2025 மே மாதம் மத்திய வேளாண் துறை கேட்டது. முறைகேட்டைத் தடுக்கத்தானாம்!

குடியேற்றத் துறைக்கும் போயிடுமோ என்பதுதான் பயம். ஆவணம் இல்லாத பெற்றோருக்கு ஸ்நாப் கிடையாது. அமெரிக்காவில் பிறந்த அவங்க குழந்தைக்கு உண்டு. ஆனா விண்ணப்பிப்பது பெற்றோர், வீட்டு முகவரியும் அவங்களோடதுதான். பயந்து விட்டுட்டா, குழந்தைக்குத்தான் சாப்பாடு போச்சு.

20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழக்குப் போட்டன. தகவல் தரலைன்னு அவற்றின் நிதியை நிறுத்தக் கூடாதுன்னு அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ மத்திய நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதற்குள் வேறு பல மாநிலங்கள் பட்டியலைக் கொடுத்துட்டன.